வெள்ளைபடுதல்: விளம்பரக்காரருக்கு விட்டுக்கொடுத்த சொல்

தமிழ் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பழகியவர்களுக்கு அந்த விளம்பரத்தின் வாசகம் ஏறத்தாழ மனப்பாடமாகவே இருக்கும். வெள்ளைபடுதல், இடுப்பு வலி, உடல் மெலிவு, முகப் பொலிவின்மை, தாம்பத்தியத்தில் சலிப்பு ஆகிய யாவற்றுக்கும் ஒரே சூரணம். ஒரு மண்டலத்தில் பூரண குணம். மருந்து தபாலிலும் அனுப்பப்படும். இந்த விளம்பரம் மருந்தை விற்பதற்கு முன்னதாக ஒரு நோயை விற்கிறது. சுகதேகியான பெண்ணின் உடலில் நாள்தோறும் ஊறுவதும், அவள் பாலியல் கிளர்ச்சி அடையும்போது மேலும் ஊறுவதுமான நீரை அவளுக்கே நோயாகக் காட்டுகிறது. அவள் பயந்த பின்னர் சூரணத்தின் விலையைச் சொல்லுகிறது.

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என எண்ணுகிறேன். முன்னொரு காலத்தில் நான் பணியாற்றிய ஒரு தாளில், பெண்களின் இனப்பெருக்கச் சுகாதாரம் குறித்த கட்டுரையொன்று அச்சுக்குப் போகுமுன், ‘யோனி’ என்று வந்த இடங்களெல்லாம் ‘உடலின் அப்பகுதி’ என்று மாற்றப்பட்டன. அதே இதழின் பின்பக்கத்தில் மேற்படி சூரண விளம்பரம் ஓர் எழுத்துக் குறையாமல் வெளிவந்தது. குடும்பப் பத்திரிகையின் கண்ணியம் செய்திப் பகுதிக்கு மாத்திரம் உரியது போலும். விளம்பரப் பகுதிக்கு அது விதிவிலக்கு அளித்திருந்தது. இன்றும் பாலியல் வன்முறைச் செய்திகளில் ‘மர்ம உறுப்பு’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. எவருக்கு மர்மம்? இலங்கையின் பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் சூலகம், கருப்பை, யோனிமடல் என்று பெயர் சொல்லியே கற்பிக்கப்படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை பரீட்சையில் எழுத வேண்டிய சொல்லை அவளுடைய தந்தை வாங்கும் பத்திரிகை எழுதக் கூசுகிறது.

இத்தனைக்கும் தமிழில் சொல்லில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் அச்சேற்றியது 1857இல். மட்டக்களப்புப் பிரதேசத்தின் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பணியின் பயனாகிய சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. துறவி ஒருவர் கூசாமல் முன்னின்று செய்த காரியத்தைக் குடும்பஸ்தர்களாகிய நாம் நின்று தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே முதலில் உடலின் சங்கதியைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பின்னர் வாதத்துக்கு வருவோம்.

ஒரே நீர் என்று நாம் எண்ணுவது பல ஊற்றுகளிலிருந்து வருவது. மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்பவர்களுக்கு இது புரியச் சிரமமிராது. வாவியிலே மாரியில் படுவான்கரைப் பக்கமிருந்து இறங்கும் மழைநீர் உண்டு; முகத்துவாரம் திறக்கும்போது ஏறிவரும் கடல்நீரும் உண்டு. பார்வைக்கு ஒரே நீர்தான். ஆனால் எந்தப் பருவத்தில் எந்த நீர் மிகுந்திருக்கிறது என்று வலை வீசுகிறவனுக்குத் தெரியும். பெண்ணுடலின் நீரைப் பற்றியும் அவ்வாறே எது எங்கிருந்து வருகிறதென்று அறிந்துகொண்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

நாள்தோறும் வெளிப்படும் வெண்மையான அல்லது நிறமற்ற கசிவு, கருப்பைக் கழுத்தில் சுரக்கும் சளிமமும், யோனிமடலின் சுவரிலிருந்து உதிரும் பழைய கலங்களும், அங்கே வாழும் நல்ல பற்றீரியாக்களும் சேர்ந்தது. நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு மில்லிலீற்றர் வரை வெளிப்படலாம்; ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. மாதவிடாய்ச் சக்கரத்தின் நடுப்பகுதியில், சூல் வெளிப்படும் நாட்களை அண்டி, கருப்பைக் கழுத்தின் சளிமம் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து இழுபடும். விந்தணு நீந்திச் செல்வதற்கு உடல் அமைத்துக் கொடுக்கும் பாதை அது. துணியில் காய்ந்தால் சற்றே மஞ்சளாகத் தோன்றுவதும் இயல்பே. அங்குள்ள பற்றீரியாக்களை 1892இல் விவரித்தவர் ஜெர்மானிய மகப்பேற்று வைத்தியரான ஆல்பர்ட் டோடர்லைன். சுவரின் கலங்களிலுள்ள கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பிலிருந்து உண்டாகும் லக்ரிக் அமிலம் அப்பகுதியைப் புளிப்பாக வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பே கிருமிக்கு எதிரான காவல். சவர்க்காரமும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறத்தைக் கழுவுகிறவர்கள் காவற்காரனை விரட்டிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார்கள்.

பாலியல் கிளர்ச்சியின்போது ஊறும் நீர் வேறு. யோனிமடலின் சுவரில் சுரப்பிகளே கிடையாது. அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு அண்மைக் காலம் வரை வைத்தியர்களிடமும் சரியான விடை இருக்கவில்லை. கிளர்ச்சி ஏற்பட்டதும் நரம்புகளின் ஏவலால் சுவரின் குருதிக் குழாய்கள் விரிகின்றன. அங்கே குருதி பெருகி, அழுத்தம் கூடி, குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து, சுவரின் கலங்களுக்கிடையே புகுந்து மேற்பரப்பை அடைகிறது. முதலில் வியர்வை முத்துக்களைப் போல அரும்பி, பின்னர் ஒன்றுசேர்ந்து வழவழப்பான படலமாகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வெர்ஜீனியா ஜோன்சனும் ஆய்வுகூடத்தில் நேரிற் கண்டு 1966ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தது இது. தூண்டல் தொடங்கிச் சில பத்து விநாடிகளுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. எலும்பு உருகவில்லை, மூளை கரையவில்லை. ஓடிக்கொண்டிருந்த குருதியின் நீரில் சிறிது, சுவரைக் கடந்து வந்திருக்கிறது. அவ்வளவே.

வாயிலின் இருமருங்கும் கடலை அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கஸ்பார் பார்த்தொலின் 1677இல் விவரித்ததால் அவர் பெயரையே தாங்குகின்றன. கிளர்ச்சி நீர் முழுவதும் இவற்றிலிருந்துதான் வருகிறதென்று வெகுகாலம் நம்பப்பட்டது. இவை தருவது சில துளிகளே என்று பின்னர் தெரிந்தது. சிறுநீர்த் துவாரத்தை அடுத்துள்ள வேறு சிறு சுரப்பிகளை 1880இல் அலெக்ஸாண்டர் ஸ்கீன் விவரித்தார். ஒல்லாந்தரான டி கிராஃப் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1672இல், ஆணின் புரொஸ்டேற் சுரப்பியோடு ஒப்பிட்டு இப்பகுதியைப் பற்றி எழுதியிருந்தார். சில பெண்களில் உச்ச நிலையில் இங்கிருந்து பால் போன்ற திரவம் மிகச் சிறிதளவு வெளிப்படும். ஆணின் புரொஸ்டேற் சுரப்பி உண்டாக்கும் அதே புரதம் அதிலும் காணப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கைத்தொலைபேசித் திரையில் ஆபாசப் படம் பார்த்து வளரும் இளைஞர்கள் அதையே பெண்ணின் இன்பத்துக்கு அத்தாட்சியாக நம்புகிறார்கள். உச்சத்தில் பெருமளவு நீர் பீறிடுவது சில பெண்களுக்கு நிகழ்வதுண்டு. 2015இல் பிரான்சில் ஏழு பெண்களிடம் ஸ்கேன் செய்து பார்த்தார்கள்; காலியாக இருந்த சிறுநீர்ப்பை கிளர்ச்சியின்போது நிரம்பி, நீர் வெளிப்பட்ட பின் மீண்டும் காலியாகியிருந்தது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐந்து பெண்களின் சிறுநீர்ப்பையில் நீலச் சாயம் செலுத்திப் பார்த்தபோது வெளிவந்த நீரும் நீலமாக இருந்தது. அதாவது அதன் பெரும்பகுதி சிறுநீர்ப்பையிலிருந்து வருவது. அது நோயுமன்று, வெட்கப்பட வேண்டியதுமன்று, மனைவியிடம் எதிர்பார்த்து வற்புறுத்த வேண்டிய சாதனையுமன்று. பாட்டனுக்குச் சூரண விளம்பரம் செய்த வேலையைப் பேரனுக்கு ஆபாசத் திரை செய்கிறது.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

சூரணக்காரர் தம் வியாபாரத்தை வெறுங்காற்றில் கட்டவில்லை. நம் மூதாதையர் உடலைப் பற்றிக் கொண்டிருந்த பெரியதொரு கருத்தின் மீது கட்டியிருக்கிறார். சித்த வைத்தியம் உடலை ஏழு கட்டுகளாகப் பகுக்கிறது. உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊனாகி, கொழுப்பாகி, என்பாகி, மூளையாகி, ஏழாவதாக ஆணில் சுக்கிலமும் பெண்ணில் சுரோணிதமும் ஆகிறதென்பது அதன் கணக்கு. ஏழாவது கட்டு வெளியேறினால் முன்னுள்ள ஆறின் உழைப்பும் வீணாகிறதென்ற பயம் இங்கிருந்து பிறக்கிறது. ‘எலும்புருகிப் போகிறது’ என்று கிராமத்துப் பெண் சொல்வது இந்தக் கணக்கின் எதிரொலி. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அக்கரைப்பற்றில் தங்கிச் செய்த கள ஆய்வைக் கொண்டு, மட்டக்களப்புப் பிரதேசத் தமிழரும் முஸ்லிம்களும் பாலியல் ஆற்றலையும் கருவளத்தையும் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களை 1982இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். உடல் வலுவுக்குக் குருதியை மூலமாகக் கொள்வதிலும், சூடு, குளிர்மை என்று பார்ப்பதிலும் இரு சமூகத்தவரும் ஒரே ஊரவர்தான். அரசியல் பிரித்தவர்களை உடல் பற்றிய பயம் பிரிக்கவில்லை!

பழைய வைத்தியத்தைக் கேலி செய்வது என் நோக்கமன்று. ஐரோப்பாவிலும் பெண்ணுக்கு விந்து உண்டா இல்லையா என்பதில் அரிஸ்டோட்டிலும் கலெனும் வேறுபட்டார்கள். காமசூத்திரத்திலும் அந்த வழக்கு ஆசிரியர்களுக்கிடையே நடக்கிறது. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் கண்டதைக் கொண்டு கருதியவர்கள் அவர்கள். கருதியதை விவாதத்துக்கும் வைத்தார்கள். விவாதத்தை மூடிவிட்டு அதன் ஒரு பக்கத்தை மாத்திரம் டப்பாவில் அடைத்து விற்பவரிடந்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம், விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் ‘பெண்நோய்கள்’ என்று பொதுப்படவே சேர்த்திருக்கிறது. சட்டத்தின் வயது எழுபதைக் கடந்துவிட்டது. விளம்பரத்தின் இளமை மாறவில்லை.

இதனால் என்ன நட்டம், ஏமாறுகிறவள் நாலு காசை இழக்கிறாள், அவ்வளவுதானே என்று சிலர் கேட்கக்கூடும். நட்டம் அதோடு நிற்பதில்லை. கோவாவில் விக்ரம் பட்டேலும் சக ஆய்வாளர்களும் கிராமப் பெண்களிடையே நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைபடுதல் என்று முறையிட்ட பெண்களின் முறைப்பாடு தொற்றுநோயைவிட மனச்சோர்வோடும் வாழ்க்கைத் துயரங்களோடுமே நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. கணவனின் அடி, கடன், ஓய்வற்ற வேலை, இரத்தச் சோகை, இவற்றில் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண் வெள்ளைபடுதல் என்ற ஒரு சொல்லைச் சொல்லுகிறாள். கேட்கிறவர் சூரணம் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அவள் சொல்ல வந்தது அவளோடே வீடு திரும்புகிறது. நம் கரையோரத்தில் யுத்தத்தையும் 2004இன் ஆழிப்பேரலையையும் பார்த்த பெண்களின் உடல் அசதிக்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடுமென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபுறத்தில் உண்மையான நோயும் இதே சொல்லுக்குள் மறைந்துகொள்கிறது. தயிர் திரைந்தாற்போன்ற கசிவும் கடும் அரிப்பும் பூஞ்சைத் தொற்றைக் குறிக்கலாம். மீன் நாற்றம் பற்றீரியாச் சமநிலை குலைந்ததைக் குறிக்கலாம். நுரைத்த பச்சை மஞ்சள் நிறம் பாலியல் தொற்றாக இருக்கலாம். உறவின் பின்னரோ, மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ குருதி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அல்லவென்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கென்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996இலிருந்து இந்நாட்டில் இருந்துவரும் ஏற்பாடு அது. காசு கேட்பதில்லை. ஆனால் விளம்பரமும் செய்வதில்லை, அதனால்தான் சூரணத்துக்கு இருக்கும் பெயர் அதற்கு இல்லை.

நீரைப் பற்றிய அறியாமை பெண்ணை இரண்டு கூண்டில் ஏற்றுகிறது. ஊறினால், இவளுக்கு முன்னரே பழக்கம் உண்டோ என்ற சந்தேகம். ஊறாவிட்டால், இவள் மனம் வேறெங்கோ என்ற குற்றச்சாட்டு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்திரோஜன் குறைவதால் வறட்சி ஏற்படும். மாதவிடாய் நின்ற பின் சுவர் மெலிந்து நீர் கசிவது குறையும். நீரிழிவு, சில மனச்சோர்வு மாத்திரைகள், தடிமனுக்கு விழுங்கும் சில மாத்திரைகள், எல்லாம் வறட்சி தரும். பயமும் அவசரமுங்கூடத் தரும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் கலந்த வழவழப்புக் களிம்பும், தேவையானால் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் ஈஸ்திரோஜன் களிம்பும் தீர்க்கக்கூடிய சங்கடம், பேச்சில்லாத காரணத்தால் ஐம்பது வயதில் ஒரு தம்பதியின் மௌனச் சண்டையாகிவிடுகிறது.

மூன்றாவது கூண்டும் ஒன்றுண்டு. நான் இப்பதிவை எழுத முனைந்தது பெரும்பாலும் அதற்காகவே. உடல் நனைவது சம்மதத்துக்குச் சான்று என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எண்ணிக் குற்றமிழைத்தவன் தன்னை நியாயப்படுத்துகிறான். அதைவிடக் கொடிதாக, குற்றத்துக்கு ஆளானவளே தன் உடல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்து வாய்திறவாமல் இருந்துவிடுகிறாள். குருதிக் குழாய்களை விரிக்கும் நரம்புகள் மனத்தின் அனுமதியைக் கேட்பவையல்ல. வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீருக்கும் துக்கத்துக்கும் சம்பந்தமில்லாதது போல, இங்கும் உடல் தன்பாட்டில் இயங்கலாம். காயத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் இதுவென்று கருதும் ஆய்வாளரும் உளர். மெரிடித் சிவர்ஸும் சக ஆய்வாளர்களும் 132 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உறுப்பின் மாற்றத்துக்கும் மனம் உணரும் கிளர்ச்சிக்கும் உள்ள ஒத்திசைவு ஆண்களில் 0.66, பெண்களிலோ 0.26 மாத்திரமே. வற்புறுத்தப்பட்ட நிலையிலும் உடல் இப்படி இயங்கலாம், அதனால் அது சம்மதமாகிவிடாது என்று தடயவியல் மருத்துவ இதழொன்றில் 2004இலேயே லெவினும் வான் பெர்லோவும் எழுதினார்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவுக்கு 1995இல் செய்யப்பட்ட திருத்தம், உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இல்லாமலும் சம்மதமின்மையை நிரூபிக்கலாம் என்று தெளிவாக்கியது. நல்லது. காயமின்மையைச் சம்மதமாகக் கொள்ளலாகாதென்று சட்டம் படித்துக்கொண்டது. அதே திருத்தந்தான், கணவனின் வன்புணர்வு குற்றமாவதற்கு நீதிமன்றம் தம்பதியைப் பிரித்து வைத்திருக்க வேண்டும் என்றும் வைத்தது. சட்டம் எட்டாத அந்த அறைக்குள் ‘உன் உடம்பே சம்மதித்ததே’ என்ற ஒரு வாக்கியத்துக்கு எதிராக ஒரு பெண்ணிடம் இருக்கக்கூடிய ஒரே ஆயுதம், உடலின் இயக்கம் பற்றிய அறிவு. அதை ‘உடலின் அப்பகுதி’ என்று எழுதி அவளுக்குக் கொடுத்துவிட முடியுமா?

இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத பேச்சு என்ற குரல் இந்த இடத்தில் எழும். எந்தப் பண்பாட்டுக்கு? பிள்ளை பெரியவளானாள் என்று பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, அழைப்பிதழ் அச்சடித்து, அவளுடைய முதல் உதிரப்போக்கை ஊருக்கு அறிவிக்கிறோம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் கருப்பையைப் பலப்படுத்துகிறோம். தாய்வழிக் குடி பார்த்து, மகளுக்கு வீடு எழுதி, மருமகனை அவள் வீட்டுக்கு அழைத்து வாழ்விக்கும் பிரதேசம் இது. இரத்தத்தைக் கொண்டாடுகிற ஊருக்கு அந்த இரத்தத்திலிருந்து கசியும் நீரின் பெயர் ஆபாசமாகிவிடுமா? சாமத்திய வீட்டுக்கு வரும் நூறு பெண்களில் ஒருத்தியேனும் அந்தச் சிறுமியைத் தனியே அழைத்து, ‘உள்ளாடையில் வெள்ளையாகக் கண்டால் பயப்படாதே, அது இன்னது’ என்று சொல்லுகிறாளா என்று விசாரித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் சொல்லட்டும் என்று பெற்றோர் இருக்கிறார்கள். ஏழாந் தரத்துக்கென ஆயத்தமான இனப்பெருக்கச் சுகாதார நூலுக்கு 2019, 2020ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் மதத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பை நாம் பார்த்தோம். ஆசிரியரோ அந்தப் பாடத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று கடந்துவிடுகிறார். வீடு பள்ளிக்கூடத்தையும் பள்ளிக்கூடம் வீட்டையும் காட்ட, பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்க்கிறது.

தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமொன்றுமில்லை. சூரண விளம்பரம் வரும் அந்த அரைப் பத்தியை மாதத்தில் ஒரு வாரம் வெறுமையாக்குங்கள். அவ்விடத்தில் களுவாஞ்சிகுடியில் எந்தக் கிழமை, வாகரையில் எந்தக் கிழமை, ஏறாவூரில் எந்தக் கிழமை, வவுணதீவில் எந்தக் கிழமை சுகவனிதையர் கிளினிக் என்று எட்டு வரியில் போடுங்கள். உங்கள் நிருபர்களிடம் யோனிமடல், கருப்பைக் கழுத்து, சிறுநீர்த் துவாரம் என்ற சொற்கள் வந்தால் வெட்ட வேண்டாமென்று சொல்லுங்கள். விளம்பர வருமானம் குறையுமென்று முகாமையாளர் முணுமுணுப்பார். எத்தனை ரூபா குறைகிறதென்று கணக்கெடுத்து அவரையே வெளியிடச் சொல்லுங்கள். ஒரு கிழமையில் எத்தனை பெண்களைப் பயமுறுத்தி அந்தத் தொகை வந்ததென்று வாசகர்களும் தெரிந்துகொள்ளட்டும்.